தொடுபுள்ளி

விர்ட்சுவில் ஏறும்போது நன்றாகத்தான் இருந்தது.
குய்வஸ்துவில் கரை தட்டி, கப்பல் வாய் திறந்து,
முன்னால் நின்ற வோல்வோ இறங்கிப் போனபின்
என் ஓப்பல் மட்டும் அசையவில்லை.
கியர் எண் தெரியும் சின்னக் கட்டத்தில்
எண் இல்லை.
எஃப் என்ற ஓர் எழுத்து
விட்டு விட்டு மின்னியது.

பின்னால் பதினோரு வண்டி.
ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. எஸ்தோனியர்கள் நாங்கள்,
பேசாமலேயே திட்டத் தெரிந்தவர்கள்.
நான்கு பேர் வந்து தள்ளிப் பார்த்தார்கள்.
முதல் கியரைக் கவ்விய பல் விடவில்லை.
டிக்கியில் நேற்றுக் கத்தரித்த நாற்பது ஆட்டின் ரோமம்,
இயந்திரம், எண்ணெய் டப்பா.
லீவா பண்ணையில் இன்னும் அறுபது ஆடு
கொட்டிலில் அடைபட்டு எனக்காக நிற்கின்றன.

ஒவ்வொரு வண்டியும் பின்னால் எடுத்து
பக்கத்து வரிசை வழியாக
என்னைச் சுற்றிக்கொண்டு இறங்கியது.
கப்பல் என்னோடு திரும்பிப் புறப்பட்டது.

உர்வே வந்தாள். கப்பலின் எலெக்ட்ரீஷியன்,
ஆரஞ்சுச் சட்டை, காதில் பென்சில்.
க்ளட்சை மிதித்துப் பார்த்தீர்களா?
மிதிக்க இதில் க்ளட்சே இல்லை என்றேன்.
எட்டு வருடமாக என் இடது கால்
டிக்கெட் எடுக்காத பயணி.
அதன் வேலையை எங்கோ பேட்டரிக்கு அடியில்
ஒரு மோட்டார் பார்க்கிறது.
முகம் பார்த்ததில்லை. கூலி கொடுத்ததில்லை.

கையகலக் கருவியைச் செருகினாள்.
பி, சைபர், ஒன்பது, சைபர், சைபர்.
க்ளட்ச் ஆக்சுவேட்டர், சுற்று திறந்திருக்கிறது.
திறந்திருந்தால் நல்லதுதானே?
முறைத்தாள்.

திறந்த வீட்டில் நாய் நுழையும்.
திறந்த சுற்றில் மின்சாரம் நுழையாது.
மூடினால் ஓடும், திறந்தால் நிற்கும்;
காலுறையை உள்வெளியாகத் திருப்பிய மாதிரி ஒரு பாஷை.

போன குளிரில் ஹாப்சாலுப் பட்டறை
இதே எழுத்துக்கு எண்ணூறு யூரோ கேட்டது,
ஆக்சுவேட்டரையே மாற்றவேண்டும் என்று.
நான் சாவியை அணைத்துப் போட்டேன், எழுத்து மறைந்தது.
நானும் மறந்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை.
கருவி சொல்லிவிட்டது:
பதினேழு முறை, தேதியோடு.

எண் திருடன் பேரைச் சொல்லாது, என்றாள்,
கூச்சல் எந்தத் தெருவிலிருந்து என்று மட்டும் சொல்லும்.
பேட்டரியை அளந்தாள். குறையில்லை.
அதைத் தூக்கி வைத்துவிட்டு, தட்டைக் கழற்றி
தோள்வரை கையை விட்டாள்.
ஒரு வயர் வெளியே இழுபட்டு வந்தது,
மேலே தோல் கறுப்பாக, முழுசாக.
கீறினாள்.
உள்ளே செம்பு இல்லை, பச்சைப் பொடி.
கடலின் உப்போ, பனிக்குச் சாலையில் தூவும் உப்போ,
இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பழி போட்டோம்.

நல்ல செம்பு வரும்வரை வெட்டினாள், ஒட்டினாள்.
இனி அது கற்றுக்கொள்ளவேண்டும் என்றாள்.
எதை?
இரண்டு தட்டும் எங்கே தொடுகின்றன என்பதை.
ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டரில்
தட்டு தேய்ந்து அந்த இடம் நகர்ந்திருந்தது;
மோட்டார் பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருந்ததாம்.

பிரேக்கில் கால். சாவி.
ர்ர்ர்... நின்றது. ர்ர்... மெதுவாக... ர்.
எனக்குத் தெரியும் இந்தத் தயக்கம்.
ரோமம் எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது,
கத்தியோடு ஒவ்வொரு ஆட்டிலும் புதிதாகத் தேடுபவன் நான்.
எஃப் போய் என் வந்தது.

ஒரே டிக்கெட்டில் மூன்றாம் முறை நீரிணையைக் கடந்தேன்.
ஒரு மூட்டை ரோமம் எடுத்துக்கொள் என்றேன்.
எனக்கு அரிக்கும் என்று எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டாள்,
கப்பல் வாயின் கீல் கிரீச்சிடுகிறதாம்.
குளிருக்குமுன் முழு வயரையும் மாற்று, இது ஒட்டுதான்.

மாற்றவில்லை.
நவம்பர், ஒரிஸ்ஸாரே போகும் வழி, மழை.
எஃப்.
சாவியை அணைத்துப் போடக் கை போனது.
போடாமல் இறங்கினேன்.
பேட்டரியைத் தூக்கி வைத்துவிட்டு
தோள்வரை கையை விட்டேன்.